நாற்பத்திரண்டாம் பெயர்

அத்தியாயம் 14

ஹாலிஸ் கிரேடி என்கிற கூரை வேலைக்காரர் பிராண்ட்னர் கம்பெனி செய்த மடக்கு ஏணியிலிருந்து விழுந்து பதினாறு மாதமாகிறது. ஏணியின் கீலில் இருந்த இரும்புப் பின் முறிந்ததால்தான் விழுந்தேன் என்று, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் வழக்குத் தொடுத்திருக்கிறார். அந்தப் பின் சரியில்லை என்று தன்னிடம் ஒருவரும் வந்து சொன்னதில்லை என்று பிளான்ட் மேனேஜர் கிரெய்க் லெம்கி போன வாரம் வாக்குமூலம் கொடுத்தார். சொல்லியிருக்க வேண்டியவன் கீல் லைனின் ஃபோர்மேன் வெண்டல் ஸ்வாத்தேக். ஆகவே பழி நேராக அவன் தலையில் வந்து இறங்கியது.

வெண்டலின் அக்கா நோரீன் அதே கம்பெனியின் சட்டப் பிரிவில் இருக்கிறாள். லெம்கியின் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, காரைக் கிளப்பாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததோடு போன வாரம் நிறுத்தினோம்.

இன்று வெள்ளிக்கிழமை. மார்ச் பாதி கழிந்தும் கெவானி ஊரில் பனி உருகி முடியவில்லை. கம்பெனி வாசலில் ஒதுக்கித் தள்ளிய பனிக் குவியல் கறுத்துப்போய்க் கிடந்தது. நோரீன் ஏழரை மணிக்கே வந்து மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே நான்கு பக்கப் பிரமாணப் பத்திரம். நான்கு மணிக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து மணிக்குள் கிரீன் பே கோர்ட்டில் அது தாக்கலாக வேண்டும்.

அவள் வேலை இதுதான். கம்பெனி மேல் வழக்கு வந்தால், சம்பந்தப்பட்டவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டு, ஒரு மின்னஞ்சலையும் ஒரு படத்தையும் ஒரு துண்டுச் சீட்டையும்கூட அழிக்கக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். படித்தேன், புரிந்தது என்று அவர்கள் பதில் போட வேண்டும். போடாதவர்களைத் துரத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்த வேண்டும். எதிர்த்தரப்பு கேட்கிறபோது அத்தனையையும் திரட்டி வக்கீல்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

கிரேடி வழக்கில் பட்டியல் நாற்பத்தோரு பேர். நாற்பத்தோரு பேரும் பதில் போட்டிருந்தார்கள். பேக்கிங்கில் ஒருவர் பயந்துபோய், காலி டோனட் பெட்டியைத் தூக்கிப் போடலாமா என்று எழுதிக் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியையும் அவள் கோப்பில் சேர்த்து வைத்திருந்தாள். அவள் தொழிற்சாலைக்குள் நடந்து வந்தால், "மூச்ச வெளிய விடாதீங்கப்பா, அதையும் எடுத்து வெக்கணும்பா" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார்.

தொழிற்சாலைத் தளத்தில் வேலை செய்கிறவர்களிடமிருந்து வந்த செய்திகள் மிகக் குறைவாக இருக்கின்றன, எதையோ மறைக்கிறார்கள் என்று கிரேடியின் வக்கீல் நீதிபதியிடம் முறையிட்டிருந்தார். அப்படியானால் ஆவணப் பாதுகாப்பைக் கவனிக்கிறவரே சத்தியம் செய்து சொல்லட்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டார். அதனால்தான் இந்தப் பத்திரம். மொத்தம் பன்னிரண்டு பத்தி. ஒன்பதாவது பத்தி இப்படி இருந்தது: இந்த வழக்கு தொடர்பான தகவல் இருக்கக்கூடிய இடங்களென நான் அறிந்த அனைத்தும் பாதுகாக்கப்பட்டுள்ளன, வேறு இடம் எதையும் நான் அறியேன்.

அந்த வரியை மூன்றாவது தடவை படித்துக்கொண்டிருந்தபோதுதான் வெண்டல் வந்தான். ஒரு கையில் காபி, இன்னொரு கையில் அப்ரிகாட் வைத்த கோலாச்சே பன் இரண்டு. ஒன்பது மணிக்கு, கம்பெனிக்காக வாதாடும் மில்வாக்கி வக்கீல்கள் வீடியோவில் அவனைத் தயார்படுத்தப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை அவனுடைய வாக்குமூலம். அதற்காக இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். கழுத்துப் பட்டையில் விலைச் சீட்டின் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"பால் ஊத்தல. உனக்குப் பிடிச்ச மாதிரி சேறாட்டம் இருக்கு," என்று காபியை வைத்தான்.

ஒரு வாரமாகத் தொங்கிப்போயிருந்த முகம் இன்று தெளிந்திருந்தது. அவள் கேட்காமலே சொன்னான்.

"நேத்து வண்டி ஓட்டிட்டு வரும்போது சட்டுனு ஞாபகம் வந்துச்சு நோரீன். லெம்கிகிட்ட நான் சொன்னதுக்கு எழுத்துல இருக்கு."

"எங்க?"

"நம்ம குடும்பக் குழுல. போன வருஷம் பிப்ரவரி. வளைஞ்ச இரும்புப் பின்ன உள்ளங்கைல வெச்சுப் போட்டோ எடுத்துப் போட்டேனே. இன்னிக்கும் லெம்கிகிட்ட காட்டினேன், கிரேடி விழறதுக்கு முந்தி அக்டோபர்ல சொன்ன மாதிரியே அப்புறம் பாக்கலாம்னுட்டான்னு எழுதினேன். நீகூடப் பதில் போட்ட."

நோரீன் காபிக் கோப்பையை மூடியோடு பிடித்தபடி இருந்தாள்.

அவளுக்கு ஞாபகம் இருந்தது. படம் ஞாபகம் இருந்தது, தம்பியின் கட்டை விரலில் கிரீஸ் இருந்ததுகூட ஞாபகம் இருந்தது. தான் போட்ட பதிலும் எழுத்து எழுத்தாக ஞாபகம் வந்தது. வேலை விஷயத்தை இங்கே போடாதே, அம்மா பயப்படுவாள். கிரேடி வழக்குக்கான நோட்டீஸை நாற்பத்தோரு பேருக்கும் அனுப்பி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

வெண்டலும் அந்த நாற்பத்தோரு பேரில் ஒருவன். சொந்த போனில் வேலை விஷயம் எழுதுவதுண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. இல்லை என்று அவன் குறியிட்டிருந்தான். குடும்பக் குழுவை அதில் ஏன் சொல்லவில்லை என்று மெல்லக் கேட்டாள்.

"அது வேலை இல்லியே. அது அம்மா, நீ, நான்," என்றான் வெண்டல். அவன் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தான்.

கோலாச்சேயில் ஒன்றை அவளுக்கு விட்டுவிட்டு, கீழே ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். படிக்கட்டில் அவன் சீட்டியடித்துக்கொண்டு இறங்குவது கேட்டது.

நோரீன் போனை எடுத்தாள். குடும்பக் குழுவைத் திறந்து மேலே தள்ளினாள். பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளும் இயந்திரத்தை அஞ்சல் பெட்டி மேல் மோதிய படம். சர்ச்சில் மீன் எத்தனை மணிக்கு என்று வெண்டல் கேட்டது. அதற்கு மேல் போன சனிக்கிழமை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் வெண்டலின் கல்யாணம் முறிந்தபோது, சண்டை அந்தக் குழுவுக்குள்ளேயே நடந்தது. வாயில் வந்ததையெல்லாம் அவன் எழுதினான். அம்மா தினமும் அதை மேலே தள்ளித் தள்ளிப் படித்துவிட்டு அழுதாள். படிக்காதே என்றால் கேட்கவில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நோரீன்தான் அந்தக் குழுவில் எழுதுவது எதுவும் ஏழு நாளில் தானாக மறையும்படி மாற்றி வைத்தாள். அம்மாவின் அழுகை நின்றது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. மாற்றியதை அவள் மறந்தே போனாள்.

கம்பெனி கம்ப்யூட்டர்களில் பழைய மின்னஞ்சல் தானாக அழிவதை, வழக்கு வந்த அன்றே அவள் நிறுத்தியிருந்தாள். நாற்பத்தோரு போன்களையும் விசாரித்திருந்தாள். நாற்பத்திரண்டாவது போன் அவளுடைய கையில் இருந்தது.

அவள் எழுந்தாள். தண்ணீர் பிடித்து வந்தாள். குடிக்காமல் வைத்தாள். போனின் சேமிப்புப் பிரதியைத் தேடினாள். அதிலும் குழு ஒரு வாரத்துக்கு மேல் இல்லை. மறுபடி எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினாள். மற்றவர்களுக்கு அவள் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு: ஏதாவது விட்டுப்போனது தெரிந்தால், முதல் வேலையாகத் தெரிந்த நேரத்தை எழுதி வையுங்கள். மஞ்சள் தாளை இழுத்து எழுதினாள். 7.52.

எழுதி முடித்தபோது ஒன்று புரிந்தது. ஏழு ஐம்பத்திரண்டுக்கு முன்னால் ஒன்பதாவது பத்தி உண்மையாக இருந்தது. இப்போது இல்லை. ஆனால் அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கூட்ட அறை வாசலில் அவனை மறித்தாள். வக்கீல்களிடம் அவன் போய்ப் பெருமையாகச் சொல்லி, காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டு, போனைத் திறந்து அவன் விழிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

வெண்டல் உடனே போனை எடுத்துப் பார்த்தான். மேலே தள்ளினான். திரும்பவும் தள்ளினான். காது மடல் சிவந்தது.

"நீயா அழிச்ச?"

"நான் அழிக்கல. தானா அழியற மாதிரி வெச்சது நான்தான்."

"நாப்பத்தோரு பேருக்கு லெட்டர் போட்ட. உனக்கு ஒண்ணு போட்டுக்கணும்னு தோணலியா?"

அவன் போனைப் பையில் திணித்தான்.

"லெம்கி பொய் சொல்றான். நான் சொல்றதுக்கு ஆதாரம் இல்ல. ஆதாரம் இருந்துச்சு, அத எங்கக்கா அழிச்சிட்டா. இப்படியா நான் உள்ள போய்ச் சொல்றது?"

"ஆமா. இப்படியே சொல்லு."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கிண்டல் செய்கிறாளோ என்று சந்தேகப்பட்டவன் போல. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கழுத்துப் பட்டையில் அந்த நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கதவில் பதித்த கண்ணாடி வழியாக அவன் முதுகு மட்டும் தெரிந்தது. என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. அவள் தன் இடத்துக்குப் போனாள், வேறு ஒரு வழக்கின் பட்டியலைத் திறந்தாள், மூடினாள். பத்தேகால் மணிக்கு அந்த வழியாகக் காரணமில்லாமல் நடந்தாள். முதுகு அப்படியே இருந்தது. பதினொன்றரைக்குப் போனபோது அறை காலியாக இருந்தது. அவனுடைய போனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அம்மாவைப் பார்க்கக் கிளம்பினாள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஆர்லீன் ஸ்வாத்தேக்கை வீட்டில் பார்க்க முடியாது. சர்ச்சின் நிலவறைக் கூடத்தில்தான் இருப்பாள். நானூறு பேருக்கு மீன் பொரிக்கிற கூட்டத்தில், மாவில் புரட்டுகிற மேஜைக்கு அவள்தான் அதிகாரி. எழுபத்தொரு வயதில் தலைக்கு வலை கட்டிக்கொண்டு, முழங்கை வரை மாவாக நின்றாள். மகளைப் பார்த்ததும், சும்மா நிற்காமல் கோல்ஸ்லா சாலட் கிண்ணங்களை அடுக்கச் சொன்னாள்.

நோரீன் போனைக் கேட்டாள். கை மாவாக இருக்கிறது, ஏப்ரன் பையில் இருக்கிறது, நீயே எடுத்துக்கொள் என்றாள் அம்மா. அதிலும் அஞ்சல் பெட்டிப் படம், மீன் நேரம், போன சனிக்கிழமை. அவ்வளவுதான்.

கிண்ணம் அடுக்கியபடியே விஷயத்தைச் சொன்னாள். அம்மா கையை நிறுத்தவில்லை. புரட்டிப் புரட்டித் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: இதனால் வேலை போகுமா?

போகலாம் என்றாள் நோரீன்.

"அப்ப நான் செஞ்சதா சொல்லு. எதையோ தெரியாம அழுத்திட்டேன்னு சொல்லு. எழுபத்தொரு வயசுக்காரிய எவன் கூப்ட்டுக் கேக்கப் போறான்?"

"அம்மா."

"நான் அழுதேன்னுதான நீ வெச்ச. என்னாலதான வெச்ச. அதுல பொய் ரொம்ப இல்ல."

பக்கத்து மேஜைக்காரி எண்ணெய் காய்ந்துவிட்டது என்று குரல் கொடுத்தாள். அம்மா தட்டைத் தள்ளினாள். பிறகு சாதாரணமாக, நாளைக்கு வானிலை எப்படி என்று கேட்கிற மாதிரி, கெண்ட்ராவுடைய போனில் இருக்குமா என்று பார்த்தாயா என்றாள்.

நோரீனுக்குப் புரியவில்லை. கெண்ட்ரா வெண்டலைப் பிரிந்துபோனவள். துலூத்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலை செய்கிறாள். அவளுக்கும் இதற்கும் என்ன?

"குழுல அவளும்தான இருக்கா. அவ பேரத் தூக்கினா மனசு கஷ்டப்படும்னு நான்தான் விட்டு வெக்கச் சொன்னேன். அவளும் போகல. ஒரு நாளும் எதுவும் எழுதறதுமில்ல."

நோரீன் அம்மாவின் போனிலேயே திறந்து பார்த்தாள். உறுப்பினர்கள்: நான்கு. நான்காவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூனையின் முகம். இரண்டரை வருடமாக அந்தப் பூனை அங்கே உட்கார்ந்து அவர்கள் எழுதுவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மரியாதை கருதி ஒருவரும் விரட்டவில்லை. மரியாதை கருதி அதுவும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வருகிற வழியில், அம்மா சொன்ன வாக்கியத்தைக் காருக்குள் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். வயதான என் அம்மா அறியாமல் போனில் மாற்றிவிட்டிருக்கிறார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை சொன்னபோது அது உண்மையாகவே நடந்தது போலக் கேட்டது. அம்மாவின் விரல், மாவு ஒட்டிய திரை, தவறிப்போய் ஓர் அழுத்தல். எந்த நீதிபதியும் நம்புவார். அவளே நம்பிவிடுவாள் போல இருந்தது. பாதையோரம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஏரியிலிருந்து வருகிற குளிரை முகத்தில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

கெயில் ஆமுண்ட்சன் கம்பெனியின் தலைமை வக்கீல். கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் அரசுத் தரப்பில் வாதாடியவர். இரண்டே கால் மணிக்கு நோரீன் கையெழுத்தில்லாத பத்திரத்தோடு உள்ளே வந்ததும், ஏதோ எழுத்துப் பிழை என்று நினைத்துப் பேனாவை எடுத்தார்.

"ஒம்பதாவது பத்தில நான் கையெழுத்துப் போட முடியாது," என்றாள் நோரீன்.

கெயில் குறுக்கே பேசாமல் கேட்டார். குழு, ஏழு நாள், பிப்ரவரிப் படம், இன்று காலை 7.52. மஞ்சள் தாளை நோரீன் மேஜையில் வைத்தாள். அம்மா சொன்ன யோசனையை மட்டும் சொல்லவில்லை. அது பாதையோரத்திலேயே நின்றுவிட்டது.

"அந்தப் படத்த நீ அப்பவே பாத்தியா?"

"பாத்தேன்."

"பதில் போட்டியா?"

"வேலை விஷயத்த இங்க போடாதேன்னு போட்டேன்."

கெயில் பேனாவை மூடினார். வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்குகிற ஒலி விட்டு விட்டுக் கேட்டது. கோர்ட்டில் அந்த வரியை எதிர்த்தரப்பு எப்படி வாசிக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றார். அழிக்காதே என்று ஊருக்கெல்லாம் எழுதினவள், சொந்தத் தம்பிக்கு எழுதாதே என்று எழுதியிருக்கிறாள் என்பார்கள். அழிகிற இடத்தில் அதை வைத்திருந்தாள் என்பார்கள்.

"அப்படி நெனச்சு எழுதல."

"தெரியும். ஆனா நான் ஜட்ஜ் இல்ல."

பிறகு மளமளவென்று காரியங்கள் நடந்தன. கெயில் மில்வாக்கிக்குப் போன் செய்தார். வெண்டல் காலையிலேயே அவர்களிடம் எல்லாவற்றையும் அப்படியே சொல்லியிருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. கேட்ட உடனே அவர்கள் பேச்சை நிறுத்தி, தனியாக ஒரு வக்கீல் வைத்துக்கொள் என்று அவனை அனுப்பியிருந்தார்கள். கெயிலுக்கு எப்படிச் சொல்வது என்று மதியம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்களாம். நோரீன் கையெழுத்துப் போட்டுவிட்டு இந்த அறைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நீதிபதியிடம் திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்பது என்று முடிவாயிற்று. காரணத்தையும் சொல்லியே கேட்பது என்று கெயில் சொன்னார். மில்வாக்கியில் யாரோ தயங்கினார்கள். கெயில் அதே வாக்கியத்தை மெதுவாக இன்னொரு தடவை சொன்னார். போனை வைத்துவிட்டு நோரீனைப் பார்த்தார்.

"இந்த வழக்குல இனிமே நீ வேலை செய்யல நோரீன். இந்த வழக்குல நீ சாட்சி. அஞ்சு மணிக்கு உன் பாஸ்வேர்ட எடுத்துடச் சொல்றேன்."

"வேலை?"

"அது திங்கக்கிழமைப் பேச்சு. இப்ப பட்டியல முடி. விட்டுப்போன பேரெல்லாம் சேரு. லெட்டர் என் பேர்ல போகட்டும்."

நோரீன் தன் இடத்துக்கு வந்து கிரேடி வழக்கின் பட்டியலைத் திறந்தாள். பதினான்கு மாதமாகத் தொடாத அடிவரிசையில் தட்டினாள். நாற்பத்திரண்டு: நோரீன் ஸ்வாத்தேக், சட்டப் பிரிவு. தன் பெயரை அந்த எழுத்தில், அந்த இடத்தில் பார்க்க, வேறு யாரோ ஒருத்தி மாதிரி இருந்தது. நோட்டீஸை அனுப்பினாள். அவளுடைய கைப்பைக்குள்ளேயே போன் ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் படித்தாள். நாற்பத்தோரு பேர் புரிந்தது என்று பதில் போட்ட அந்த நோட்டீஸை, வாங்குகிறவளாக அவள் படிப்பது இதுதான் முதல் தடவை. கடுமையான கடிதம். கடைசிப் பத்தி மிரட்டுகிற மாதிரிகூட இருந்தது. படித்தேன், புரிந்தது என்று அழுத்தினாள்.

நாற்பத்து மூன்று: ஆர்லீன் ஸ்வாத்தேக். நாற்பத்து நான்கு: கெண்ட்ரா. அவர்கள் இருவரும் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் இல்லை; கட்டளை போட முடியாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும். அதற்குத் தனி வாசகம் எழுதினாள். கெண்ட்ரா இப்போது என்ன குடும்பப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெறும் கெண்ட்ரா என்றே அனுப்பினாள்.

நான்கு முப்பத்தைந்துக்கு அம்மாவிடமிருந்து பதில் வந்தது. படித்தேன், புரியவில்லை, எத்தனை மணிக்கு வருகிறாய், மீன் ஆறுகிறது.

நான்கு நாற்பத்தொன்றுக்குப் போன் அடித்தது. திரையில் பூனை.

"நோரீனா? எதையும் அழிக்காதேன்னு ஒரு லெட்டர் வந்திருக்கு," என்றாள் கெண்ட்ரா. குரலில் கோபம் இல்லை. பின்னால் பல் ராவுகிற இயந்திரச் சத்தம். "நான் அழிக்கல. என்கிட்ட எல்லாம் இருக்கு."

"எல்லாம்னா?"

"அவன் என்னத் திட்டறத எல்லாம் வாராவாரம் படம் பிடிச்சு வெய்யின்னு அப்ப என் வக்கீல் சொன்னார். ஞாயித்துக்கிழமை காலைல ஒக்காந்து எடுப்பேன். அப்புறம் அவன் திட்டறத நிறுத்திட்டான். நான் எடுக்கறத நிறுத்தல. ஏன்னு கேக்காத. காபி குடிக்கற மாதிரி ஆயிடுச்சு."

நோரீன் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை.

"அந்த இரும்புப் பின்னும் இருக்கு," என்றாள் கெண்ட்ரா. "அதுக்குக் கீழ உன் பதிலும் இருக்கு."

"சரி."

"புதன்கிழமை ஒருத்தர் கூப்ட்டார். கிரேடியோட வக்கீலாம். வெண்டல் எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டார். திங்கக்கிழமை சொல்றேன்னு வெச்சிட்டேன். இத நான் யாருக்குக் குடுக்கணும்? அவருக்கா, உங்க கம்பெனிக்கா? நீ சொல்லு. நீ சொன்னா கேக்கறேன்."

அவள் அப்படித்தான். பிரிந்துபோகிற அன்றுகூட, பாத்திரங்களில் எது யாருக்கு என்று நோரீனிடம்தான் கேட்டாள். கம்பெனிக்கு அனுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரவுக்குள் வந்துவிடும். அந்தப் பதில் வரி யார் கண்ணில் முதலில் படும், எந்த விளக்கத்தோடு படும் என்பதெல்லாம் இவர்கள் கையில் இருக்கும். நாக்கு நுனி வரை வந்தது.

"யாருக்குக் குடுன்னு நான் சொல்லக் கூடாது கெண்ட்ரா. நான் இதுல சாட்சி. அழிக்காதேன்னு கேக்கலாம். அதுக்கு மேல உன் வக்கீலக் கேளு."

"உன் வேலை போயிடாதா?"

"அழிக்காத. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் நின்றது. கெண்ட்ரா வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"வெண்டல் அங்க இருக்கானா?" என்றாள். "அந்தப் பின்னப் பத்தி அவன் எழுதினத திருப்பித் திருப்பிப் படிச்சேன். யாருமே அவனுக்கு ஆறுதலா ஒண்ணும் சொல்லல. நானும் சொல்லல. அவன்கிட்ட குடு."

நோரீன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் வெண்டலின் பிக்-அப் அவளுடைய கார் பக்கத்திலேயே நின்றது. அவன் ஷிஃப்ட் முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. வீட்டுக்கும் போகாமல், மேலே ஏறி வரவும் செய்யாமல், அவளுடைய காரின் முன் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஏற்கனவே சுத்தமாகிவிட்ட இடத்தையே மறுபடி மறுபடி சுரண்டினான்.

கோட்டை எடுக்காமல் இறங்கினாள். கறுத்த பனிக் குவியலைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கம் போனாள். போனை நீட்டினாள்.

திரையில் இருந்த பூனையை வெண்டல் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவளுக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டது. போன் நீட்டியது நீட்டியபடி இருந்தது, அதிலிருந்து மெல்லிசாக ஒரு குரல் அவன் பேரைச் சொன்னது. இரண்டரை வருடமாக அவன் கேட்காத குரல்.

சுரண்டியைக் காரின் மேல் வைத்தான். வலது கை கையுறையின் விரல் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான்.